உளப்பகுப்பாய்வு பிறந்த ஊரும் வீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்து நரம்பு மருத்துவர் ஃப்ராய்டின் பெயரை எடுத்ததும் ‘எல்லாத்துக்கும் செக்ஸ்தான் காரணம்னு சொன்னவர்தானே’ என்று சிரித்துத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. மனதின் பூட்டைத் தனி ஆளாகத் திறந்த மேதை என்று கும்பிடுகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் அவர் வாழ்ந்த ஊரையும், அவரிடம் வந்து பேசிய பெண்களையும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஃப்ராய்டைவிட அந்தப் பெண்கள் மேல்தான் ஆர்வம் அதிகம். கீழே வரும் பதில்களிலும் அந்தச் சாய்வு தெரியும்.

உளப்பகுப்பாய்வு என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

நோயாளியைச் சாய்ந்து படுக்கச் சொல்லி, மனதில் தோன்றுவதை ஒன்றுவிடாமல், வெட்கப்படாமல் பேசச் சொல்லி, அந்தப் பேச்சிலிருந்தே நோயின் வேரைத் தேடும் முறை. நமக்கே தெரியாமல் நம்மை ஆட்டிவைக்கும் ஒரு பகுதி மனதுக்குள் இருக்கிறது, அதைத் தமிழில் நனவிலி என்கிறோம். இந்த முறைக்கு அதுதான் அஸ்திவாரம். சிக்மண்ட் ஃப்ராய்ட் இந்தப் பெயரை முதலில் அச்சில் பயன்படுத்தியது 1896இல். ஆனால் கதை அதற்குப் பதினாறு வருடம் முன்பே, அவர் இல்லாத ஒரு வீட்டில் தொடங்கிவிட்டது.

அப்படியானால் இதைக் கண்டுபிடித்தது ஃப்ராய்ட் இல்லையா?

கோட்பாடு அவருடையது. பேசிப் பேசியே நோயை இறக்கலாம் என்ற வழி ஒரு நோயாளிப் பெண்ணிடமிருந்து வந்தது. மருத்துவ இலக்கியத்தில் அவர் பெயர் ‘அன்னா ஓ.’ நிஜப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். வியன்னாவில் ஆசாரமான, பணக்கார யூதக் குடும்பத்துப் பெண். பல மொழி தெரியும், கூர்மையான புத்தி. பதினாறு வயதில் பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. தம்பிக்குப் பல்கலைக்கழகம், அக்காவுக்கு எம்பிராய்டரி. பகல் முழுக்க மனதுக்குள்ளேயே கதைகள் ஓட்டிக்கொண்டிருப்பார். அதற்கு அவரே வைத்த பெயர் ‘என் சொந்த நாடகக் கொட்டகை’.

1880 கோடையில் அப்பா படுக்கையில் விழுந்தார். 21 வயது மகள் இரவெல்லாம் கண் விழித்துப் பார்த்துக்கொண்டார். ஒரு ராத்திரி பக்கத்து வீட்டிலிருந்து நடன இசை கேட்டது. அங்கே போய் ஆட வேண்டும்போல ஓர் ஆசை, உடனே தன்மேலேயே ஒரு அருவருப்பு. இருமல் அங்கிருந்து பிடித்துக்கொண்டது. பிறகு கை மரத்துப்போனது, பார்வை தடுமாறியது, தாய்மொழியான ஜெர்மன் நாக்கிலிருந்து நழுவி ஆங்கிலம் மட்டுமே பேச வந்தது. அடுத்த வருடம் ஏப்ரலில் அப்பா இறந்ததும் எல்லாம் இன்னும் முற்றியது.

குடும்ப மருத்துவர் யோசெஃப் ப்ராயர் தினமும் வந்தார். சின்ன ஆள் இல்லை, சுவாசத்தை நரம்பு எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பதில் இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறது. வெயில் கொளுத்திய நாட்களில் ஆறு வாரம் பெர்த்தாவால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. டம்ளரை உதட்டருகே கொண்டுபோவார், தள்ளிவிடுவார். பழம் தின்றே ஓட்டினார். ஒருநாள் மயக்க நிலையில் ஒரு பழைய சம்பவத்தை முனகினார். துணைக்கு வைத்திருந்த ஆங்கிலேய அம்மாளின் நாய், அந்த அம்மாளின் டம்ளரிலேயே வாய் வைத்துக் குடித்ததைப் பார்த்திருக்கிறார். மரியாதைக்காக அப்போது வாயைத் திறக்கவில்லை. அடக்கிவைத்திருந்த கோபத்தையெல்லாம் இப்போது கொட்டித் தீர்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார், மடக்மடக்கென்று குடித்தார். அந்தத் தொல்லை அதோடு போனது.

பிறகு ஒவ்வொரு தொல்லைக்கும் இதே வழி. ‘பேச்சு வைத்தியம்’ என்று பெர்த்தாவே பெயர் வைத்தார். விளையாட்டாக ‘புகைபோக்கி சுத்தம் பண்ணுவது’ என்றும் சொல்வார். ஒரு மருத்துவ முறைக்கு நோயாளி பெயர் வைத்தது வரலாற்றில் வேறு எங்காவது நடந்திருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன், சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அவர் குணமானாரா?

ப்ராயரும் ஃப்ராய்டும் 1895இல் சேர்ந்து வெளியிட்ட ஹிஸ்டீரியா நூல் குணமானார் என்றுதான் எழுதியது. அது உண்மை இல்லை. 1882 ஜூனில் ப்ராயர் சிகிச்சையை முடித்த கையோடு பெர்த்தா சுவிட்சர்லாந்தில் ஒரு சானடோரியத்தில் சேர்க்கப்பட்டார். வலிக்குக் கொடுத்த மார்ஃபின் பழக்கமாகவே ஆகியிருந்தது. அடுத்த சில வருடங்களும் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைச்சல்தான். அந்த ஆவணங்களை வரலாற்றாசிரியர்கள் தேடி எடுத்தது 1970களில்.

அதற்குப் பிறகான வாழ்க்கையைப் பார்த்தால் வேறு ஆள். ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குக் குடிபெயர்ந்து அனாதை இல்லம் நடத்தினார், பெண்ணுரிமை பற்றிய ஆங்கில நூலை ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார், பெண்களைக் கடத்தி விற்பவர்களுக்கு எதிராக ஊர் ஊராகச் சுற்றினார், 1904இல் ஜெர்மனியின் யூதப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். மேற்கு ஜெர்மனி 1954இல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. எது குணப்படுத்தியது? ப்ராயர் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஹிஸ்டீரியா என்று அப்போது எதைச் சொன்னார்கள்?

உடலில் காரணம் தெரியாத எல்லாவற்றையும். கை விழுந்துபோகும், நரம்பில் கோளாறு இருக்காது. குரல் போகும், தொண்டை நன்றாக இருக்கும். கிரேக்கத்தில் கருப்பைக்கு உள்ள சொல்லிலிருந்து வந்த பெயர். கருப்பை உடலுக்குள் ஊர்ந்து அலைவதால் பெண்களுக்கு வரும் நோய் என்று பழைய காலத்தில் நம்பினார்கள்.

வியன்னாவில் இதற்குப் போவது ‘நரம்பு டாக்டரிடம்’. நம் ஊர் விளம்பரங்களில் இன்னும் உயிரோடிருக்கும் ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற சொல் அந்தக் காலத்து ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவத்தின் மிச்சம்தான். வைத்தியம் என்ன? லேசான மின்சாரம் பாய்ச்சுவது, குளிர்நீர்க் குளியல், உடம்பு பிடித்துவிடுவது, ஓய்வு. ஃப்ராய்டும் 1886 ஈஸ்டர் ஞாயிறன்று கிளினிக் திறந்து முதலில் செய்தது இதைத்தான். மின்சாரப் பெட்டியால் பிரயோஜனம் இல்லை என்று சீக்கிரமே புரிந்துகொண்டார்.

பாரிஸுக்குப் போய் அவர் என்ன கற்றார்?

1885 அக்டோபரில் ஒரு சிறு உதவித்தொகையோடு பாரிஸ் போனார். சால்பெட்ரியேர் என்ற மாபெரும் பெண்கள் மருத்துவமனையில் ஷார்கோ என்ற நரம்பியல் நிபுணர் நோயாளிகளை மேடையேற்றி, ஹிப்னாடிசத்தால் முடக்குவாதத்தை வரவழைத்தும் போக்கியும் காட்டுவார். நினைப்பே உடம்பை முடக்கலாம் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பினார். ஆண்களுக்கும் ஹிஸ்டீரியா வரும் என்பதும் அங்கே கற்றது.

திரும்பி வந்து வியன்னா மருத்துவர் சங்கத்தில் அதைப் பேசியபோது, கருப்பையே இல்லாத ஆணுக்கு ஹிஸ்டீரியா எப்படி வரும் என்று ஒரு மூத்த அறுவை மருத்துவர் கேட்டதாகவும் எல்லோரும் தன்னை விரட்டிவிட்டதாகவும் பிற்காலத்தில் எழுதினார். கூட்டத்தின் பதிவுகளைப் பார்த்த வரலாற்றாசிரியர்கள், அவ்வளவு பகையொன்றும் இல்லை, அந்த விஷயம் அங்கே முன்பே தெரிந்ததுதான் என்கிறார்கள். தன்னந்தனியாக ஊரை எதிர்த்து நின்றவன் என்ற படத்தை ஃப்ராய்ட் தானே கொஞ்சம் மெருகேற்றி வரைந்துகொண்டார்.

ஹிப்னாடிசத்தை ஏன் கைவிட்டார்?

ஒரு காரணம் எளிமையானது. அவருக்கு அது சரியாகக் கைவரவில்லை, பல நோயாளிகள் மயங்கவே மாட்டேன் என்றார்கள். இன்னொரு காரணம் நோயாளிகளே. ‘எம்மி’ என்று அவர் எழுதிய பணக்கார விதவை ஒருவர், இது எங்கிருந்து வந்தது, அது எங்கிருந்து வந்தது என்று சும்மா கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள், நான் சொல்ல வந்ததைச் சொல்ல விடுங்கள் என்று எரிந்து விழுந்தார். ஃப்ராய்ட் வாயை மூடிக்கொண்டார். அதை அவர் மறைக்காமல் எழுதியும் வைத்தார். அவரிடம் எனக்குப் பிடித்த குணம் இது.

லூசி என்ற பெண்ணின் கதை இன்னும் நெருக்கமாகக் காட்டும். வியன்னாவில் ஒரு தொழிற்சாலை இயக்குநர் வீட்டில் தாயில்லாப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த பிரிட்டிஷ் பெண். மூக்கில் தீராத நோய், எந்த வாசனையும் தெரியாது. ஆனால் தீய்ந்த பலகாரத்தின் நாற்றம் மட்டும் விடாமல் துரத்தியது. ஹிப்னாடிசம் பலிக்கவில்லை. நெற்றியில் கையை வைத்து அழுத்தி, ‘எடுக்கும்போது ஏதாவது நினைவு வரும், சொல்லுங்கள்’ என்றார் ஃப்ராய்ட். வந்தது. பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு அம்மாவிடமிருந்து கடிதம் வருகிறது. பிறந்தநாள் அன்றுதான் தருவோம் என்று பிள்ளைகள் அதைப் பிடுங்கிக்கொண்டு கொஞ்சி விளையாடுகிறார்கள். அடுப்பில் இருந்தது தீய்ந்துபோகிறது. வேலையை விட்டு ஊருக்குப் போய்விடலாமா என்று அவர் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது.

‘நீங்கள் முதலாளியை விரும்புகிறீர்கள்’ என்றார் ஃப்ராய்ட். ஆமாம், அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார் லூசி, வெகு சாதாரணமாக. தெரிந்தே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, தெரியாது, அல்லது தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று பதில். பிற்காலத்தில் நனவிலியைப் பற்றிப் பக்கம் பக்கமாக வந்த கோட்பாடு எல்லாம் இந்த ஒரு பதிலுக்குள் மடித்து வைத்ததுபோல இருக்கிறது. பலகார நாற்றம் போனது, அதன் இடத்தில் சுருட்டு நாற்றம் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு சம்பவம்: வீட்டுக்கு வந்த ஒரு பெண்மணி பிள்ளைகளை வாயில் முத்தமிட்டுவிட்டாள் என்பதற்காக முதலாளி லூசியைத் திட்டி, வேலையை விட்டே நிறுத்திவிடுவேன் என்று மிரட்டியது. இவர் தன்னை ஒருநாளும் அப்படிப் பார்க்கப்போவதில்லை என்று அன்றைக்கே மனதுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது வாரத்தில் மூக்கும் தேறியது, லூசியும் தேறினார்.

எஜமானர் வீட்டுக்குள் வாழும், ஆனால் அந்த வீட்டைச் சேராத பெண்கள் இந்த நூல்கள் முழுக்க வருகிறார்கள். தாதி, சமையல்காரி, பாடம் சொல்லித்தரும் ஆசிரியை. ஃப்ராய்டையே சின்ன வயதில் வளர்த்தது ஒரு செக் கத்தோலிக்கத் தாதிதான்.

வியன்னா அவ்வளவு கட்டுப்பெட்டியான ஊரா? அதனால்தான் எல்லாம் பாலியலாகத் தெரிந்ததா?

பலரும் நினைப்பதுபோல இல்லை. பாலியல் பிறழ்வுகளைப் பட்டியலிட்ட கிராஃப்ட்-எபிங்கின் தடித்த மருத்துவ நூல் 1886இலேயே வந்துவிட்டது. ஷ்னிட்ஸ்லர் என்ற டாக்டர்-எழுத்தாளர், படுக்கைக்கு முன்னும் பின்னும் மனிதர்கள் பேசும் பொய்களை நாடகமாக எழுதிக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகத்துக்காக ஓவியர் கிளிம்ட் தீட்டிய நிர்வாண உருவங்கள் 1900இல் பெரிய ரகளையைக் கிளப்பின. பேச்சு இல்லாமல் இல்லை.

வீட்டுக்குள்தான் பேச்சே கிடையாது. நடுத்தர வர்க்கத்து ஆண் சம்பாத்தியம் நிலைத்த பிறகு, முப்பதை ஒட்டித்தான் கல்யாணம் செய்வான். அதுவரை அவனுக்குத் தெருவில் பெண்கள், கூடவே சிபிலிஸ் பயம். 1910 வரை உருப்படியான மருந்து கிடையாது. அதே வீட்டுப் பெண் துணைக்கு ஆள் இல்லாமல் தெருவில் நடக்க முடியாது, கல்யாண நாள்வரை எதையும் தெரிந்துகொள்ளவும் கூடாது. ஊரெல்லாம் தெரிந்த விஷயம், கூடத்தில் மட்டும் யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவர்கள்தான் ஃப்ராய்டின் சோபாவுக்கு வந்தார்கள்.

ஃப்ராய்டின் சொந்த வாழ்க்கை? ஆறு குழந்தைகள், தினமும் முடிதிருத்துபவர் வீட்டுக்கு வருவார், சனிக்கிழமை மாலை சீட்டாட்டம். ஷ்னிட்ஸ்லரும் அவரும் ஒரே ஊரில் பல வருடம் இருந்தும் நெருங்கிப் பழகவில்லை. தன் இரட்டையைச் சந்தித்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் உங்களைத் தவிர்த்தேன் என்று 1922இல் அவருக்கு எழுதினார்.

யூதர் என்பதற்கும் இந்தக் கோட்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

தொடர்பு ஆழமானது, ஆனால் சொல்வதில் நிதானம் வேண்டும்.

ஃப்ராய்ட் 1856 மே 6 அன்று மொராவியாவில் ஃப்ரைபெர்க் என்ற சிற்றூரில் கம்பளி வியாபாரி மகனாகப் பிறந்தார். இன்றைய செக் நாட்டில் அதன் பெயர் பிரிபோர். குடும்பம் 1860இல் வியன்னா வந்தது. அப்போது அந்த நகரத்தில் யூதர்கள் ஏழாயிரம் பேருக்குள்தான். 1867இல் சட்டம் சம உரிமை கொடுத்தது. 1900இல் ஒன்றரை லட்சத்தை நெருங்கிவிட்டார்கள். அரசு உத்தியோகத்தின் கதவு பெயருக்குத் திறந்தாலும் உள்ளே ஏற முடியாது. மருத்துவமும் சட்டமும் பத்திரிகையும் திறந்திருந்தன. அதனால் அங்கே குவிந்தார்கள்.

அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அப்பா யாகோப் நடைப்பயணத்தில் ஒரு கதை சொன்னார். வாலிபத்தில் ஒரு சனிக்கிழமை நன்றாக உடுத்தி, தலையில் புது மென்மயிர்த் தொப்பியோடு தெருவில் போயிருக்கிறார். எதிரே வந்த கிறிஸ்தவர் ஒருவர் தொப்பியைத் தட்டிச் சேற்றில் விழவைத்து, ‘ஏ யூதா, நடைபாதையை விட்டு இறங்கு’ என்றார். ‘நீங்கள் என்ன செய்தீர்கள் அப்பா?’ ‘தெருவில் இறங்கித் தொப்பியை எடுத்துக்கொண்டேன்.’ அந்தக் காலத்துக்கு இந்தக் காலம் எவ்வளவோ மேல் என்று காட்டத்தான் அப்பா சொன்னது. பையன் மனதில் அது வேறு விதமாக விழுந்தது. ரோமைப் பழிவாங்கச் சபதம் எடுத்த ஹானிபால் அன்றிலிருந்து அவனுடைய வீரன். அப்பனையும் மகனையும் பற்றி உலகத்துக்கே கோட்பாடு எழுதியவரின் மனதில் சேற்றில் கிடந்த அந்தத் தொப்பி கடைசிவரை இருந்தது. நாற்பதைத் தாண்டி எழுதிய கனவு நூலில்தான் அதை வெளியே சொன்னார்.

இந்தக் காலமும் ரொம்ப மேல் இல்லை. யூத வெறுப்பையே பிரச்சாரமாக்கிய கார்ல் லுயெகர் 1895இல் மேயர் தேர்தலில் வென்றார். பேரரசர் ஒப்புதல் தர மறுத்த சேதி வந்த அன்று, மருத்துவ நண்பர் ஃப்ளீஸின் சொல் கேட்டுச் சுருட்டைக் குறைத்திருந்த ஃப்ராய்ட் சந்தோஷத்தில் அளவை மீறிப் புகைத்தார். 1897இல் லுயெகர் மேயராகியேவிட்டார். பேராசிரியர் பட்டத்துக்கு ஃப்ராய்டின் பெயர் அதே வருடம் போனது, கிடைத்தது 1902இல், அதுவும் செல்வாக்குள்ள ஒரு பெண் நோயாளி அமைச்சரைப் பிடித்த பிறகு. பாலியலின் முக்கியத்துவத்தை மாட்சிமை பொருந்திய மன்னரே அங்கீகரித்துவிட்டதுபோல ஊரார் வாழ்த்துகிறார்கள் என்று நண்பருக்குக் கேலியாக எழுதினார்.

யூத மறைஞான மரபான கபாலா, யூதச் சமயச் சட்ட நூலான தால்முத் ஆகியவற்றிலிருந்து உளப்பகுப்பாய்வு நேரடியாக வந்தது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அவர் வீட்டுக்குள் வந்த யூத மரபு வேதத்தைவிட அதிகமாக ஜோக்குகளில் இருந்தது. அவற்றைச் சேர்த்து 1905இல் ஒரு நூலே போட்டார். கல்யாணத் தரகர் ஜோக் ஒன்று: மாப்பிள்ளை தரகரை ஓரமாகக் கூப்பிட்டு, ‘பெண்ணுக்கு மாறுகண், பல்லும் சரியில்லை’ என்று கிசுகிசுக்கிறான். தரகர் சொல்கிறார்: ‘சத்தமாகவே சொல்லுங்கள், காதும் கேட்காது.’ மறைக்க வேண்டியவன் வாயிலிருந்தே உண்மை நழுவுகிறது பாருங்கள், அதுதான் அவருக்குப் பிடித்த விஷயம்.

கனவு நூல் வந்ததும் உலகம் அதிர்ந்ததாமே?

600 பிரதி அச்சிட்டார்கள். விற்றுத் தீர எட்டு வருடம் ஆனது. 1899 நவம்பரில் வெளிவந்த நூலுக்குப் பதிப்பாளர் 1900 என்று வருடம் போட்டார், புது நூற்றாண்டுக் கணக்கில் சேரட்டும் என்று.

அதில் ஊரின் வாடை ஓர் இடத்தில் பலமாக அடிக்கிறது. கனவு ஏன் நேரடியாகப் பேசுவதில்லை என்பதற்கு அவர் சொன்ன உவமை தணிக்கை அதிகாரி. அதிகாரத்தில் இருப்பவரைத் தாக்க விரும்பும் பத்திரிகையாளன் இரண்டு சீன மாண்டரின் அதிகாரிகளின் சண்டை என்று எழுதித் தப்பிப்பான், கனவும் அப்படித்தான் என்கிறார். பத்தி பத்தியாக வெட்டுப்பட்ட செய்தித்தாளைக் காபிக் கடையில் உட்கார்ந்து, இடைவெளியில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்துப் படித்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நோயாளிகள் சொன்ன வன்கொடுமைகளை அவர் மூடி மறைத்தார் என்கிறார்களே?

இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. 1896 ஏப்ரலில் வியன்னா மருத்துவர்கள் முன்னால், 18 நோயாளிகளை வைத்து, ஹிஸ்டீரியாவின் அடியில் சிறுவயதில் நடந்த பாலியல் கொடுமை இருக்கிறது என்று பேசினார். தலைமை தாங்கிய கிராஃப்ட்-எபிங், கேட்பதற்கு அறிவியல் தேவதைக் கதைபோல இருக்கிறது என்று முடித்துவிட்டார். அடுத்த வருடம் செப்டம்பர் 21 அன்று ஃப்ளீஸுக்கு எழுதிய கடிதத்தில், என் கோட்பாட்டில் எனக்கே நம்பிக்கை போய்விட்டது என்றார். இத்தனை வீடுகளில் இத்தனை அப்பாக்கள் குற்றவாளிகளாக இருக்க முடியுமா என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

அப்படி நடப்பதே இல்லை என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் கவனம் சம்பவத்திலிருந்து கற்பனைக்கு நகர்ந்தது, குழந்தையின் ஆசைதான் கதையை உண்டாக்குகிறது என்ற பக்கம் போனது. மகனுக்குத் தாய்மேல் ஆசையும் அப்பாமேல் போட்டியும் உண்டு என்ற ஈடிபஸ் கோட்பாடு அங்கிருந்து முளைத்தது. கோழைத்தனமா, நேர்மையான மனமாற்றமா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. அந்த 18 பேர் தாமாக என்ன சொன்னார்கள், அவர் ஊகித்துச் சொன்னது எவ்வளவு என்பது அவர் எழுத்தில் பிரித்துப் பார்க்க முடியாதபடி கலந்து கிடக்கிறது. என் பார்வையில் பெரிய குறை அதுதான்.

‘டோரா’ என்ற நோயாளியின் விஷயத்தில் என்ன தவறு நடந்தது?

1900 அக்டோபரில் 17 வயதுப் பெண்ணை அப்பா கொண்டுவந்து விட்டார். இருமல், குரல் போவது, தற்கொலைக் கடிதம். அப்பாவுக்குக் குடும்ப நண்பரின் மனைவியோடு உறவு. அந்த நண்பர் இந்தப் பெண்ணிடம் அத்துமீறினார், ஏரிக்கரையில் அவர் முகத்தில் அறைந்துவிட்டு வந்தவர் இவர். அப்பாவின் உறவு குலையாமல் இருக்கத் தன்னைக் கைமாற்றாகக் கொடுக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. ஃப்ராய்ட் அதை நம்பினார். நம்பிக்கொண்டே, உள்ளூர அந்த ஆளை நீ விரும்புகிறாய் என்று அவரிடம் வாதாடினார். பதினொரு வாரம் கேட்டுப் பார்த்துவிட்டு டிசம்பர் 31 அன்று அந்தப் பெண் கும்பிட்டு விடைபெற்றுக்கொண்டார்.

புனைபெயர் வைத்த கதை அதைவிடச் சுவாரசியம். டோரா என்ற பெயர் ஏன் தோன்றியது என்று ஃப்ராய்டே தோண்டிப் பார்த்தார். அவர் தங்கை ரோசா வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் பெயரும் ரோசா. எஜமானி பெயரை வேலைக்காரி வைத்துக்கொள்ள முடியுமா? அதனால் அவளுக்கு டோரா என்று பெயர் மாற்றியிருந்தார்கள். பாவம், சொந்தப் பெயரைக்கூட வைத்துக்கொள்ள முடியவில்லையே என்று அவர் அப்போது நினைத்திருக்கிறார். தன் பெயரை வெளியே சொல்ல முடியாத நோயாளிக்கு அந்தப் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தப் புகழ்பெற்ற சோபாவை வியன்னாவில் பார்க்க முடியுமா?

முடியாது. பெர்க்காஸ தெரு 19ஆம் எண் வீட்டில் அவர் 1891 முதல் 47 வருடம் இருந்தார். இப்போது அது அருங்காட்சியகம். கீழ்த்தளத்தில் அந்தக் காலத்தில் ஒரு கசாப்புக் கடை, கடைக்காரர் பெயரும் சிக்மண்ட்தான். சோபா ஒரு நோயாளி அன்பளிப்பாகத் தந்தது, மேலே பாரசீகக் கம்பளம். 1938இல் அது அவரோடு லண்டன் போய்விட்டது, அங்கேதான் இருக்கிறது. நோயாளியின் தலைமாட்டில், கண்ணில் படாமல் உட்கார்வார். நாளெல்லாம் பிறர் முறைத்துப் பார்ப்பதைத் தாங்க முடியாது என்று காரணமும் சொல்லியிருக்கிறார்.

ஈகோ, இட் என்பதெல்லாம் அவர் வைத்த சொற்களா?

இல்லை. அவர் எழுதியது வீட்டு ஜெர்மன்: ‘நான்’, ‘அது’, ‘மேல்-நான்’. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் மருத்துவ கௌரவத்துக்காக லத்தீனுக்குப் போனார்கள். நாம் ஆங்கிலம் வழியாக வாங்கியதால் தமிழிலும் ஈகோ ஒட்டிக்கொண்டது, இப்போது அதற்குத் திமிர் என்றே அர்த்தம் ஆகிவிட்டது. ‘நான் செய்யவில்லை, அது என்னைச் செய்யவைத்தது’ என்று தமிழில் யாரும் சொல்லலாம், யாருக்கும் புரியும். கலைச்சொல் அகராதி தேவைப்பட்டிருக்காது.

கோகெய்ன்?

1884இல் அதைப் புகழ்ந்து கட்டுரை எழுதினார், தானும் எடுத்தார், சில வருடம் விடவில்லை. கண் அறுவைக்கு மரத்துப்போகச் செய்யும் மருந்தாக அதைப் பயன்படுத்தலாம் என்று கண்டு பெயர் வாங்கியது சக மருத்துவர் கோலர். உளப்பகுப்பாய்வுக்கும் இதற்கும் பெரிதாக முடிச்சுப் போட வேண்டாம்.

யூங்கோடு ஏன் பிரிந்தார்?

1902இல் புதன்கிழமை மாலைகளில் ஐந்து பேர் அவர் காத்திருப்பு அறையில் சுருட்டுப் புகைக்கு நடுவே கூடத் தொடங்கினார்கள். ஏறக்குறைய எல்லோருமே யூதர்கள். 1907இல் சூரிச்சிலிருந்து யூங் வந்தபோது முதல் சந்திப்பே பதின்மூன்று மணி நேரம் நீண்டது என்பார்கள். பாதிரியார் மகன், பெயர்பெற்ற மனநல மருத்துவமனையில் வேலை. இவர் வந்ததால்தான் உளப்பகுப்பாய்வு யூத சமாச்சாரமாகச் சுருங்காமல் தப்பியது என்று ஃப்ராய்ட் 1908இல் இன்னொரு சீடருக்கு வெளிப்படையாகவே எழுதினார். 1910இல் சர்வதேசச் சங்கத்துக்கு யூங்கைத் தலைவராக்கினார், வியன்னாக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். பாலியலுக்கு எவ்வளவு இடம் என்பதில் தொடங்கி, யார் அப்பா யார் மகன் என்பதில் போய் 1913இல் முறிந்தது.

இந்தியாவுக்கு எப்போது வந்தது?

சீக்கிரமே. கல்கத்தா டாக்டர் கிரீந்திரசேகர் போஸ், வேண்டாத நினைப்பை மனம் அமுக்கிவைப்பது பற்றித் தாமாக ஒரு கோட்பாடு வகுத்து நூலை 1921இல் ஃப்ராய்டுக்கு அனுப்பினார். 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். இந்திய நோயாளிகளிடம் ஈடிபஸ் சிக்கல் நீங்கள் சொல்லும் வடிவில் இல்லை, ஆண்களுக்குள்ளும் பெண்ணாக இருக்கும் ஆசை வெளிப்படையாகவே தெரிகிறது என்று கடிதத்தில் மரியாதையாக, ஆனால் விடாமல் வாதாடினார். ஃப்ராய்ட் பெரிதாக அசைந்துகொடுக்கவில்லை.

75 வயது நிறைவுக்குக் கல்கத்தாவிலிருந்து தந்தத்தில் செதுக்கிய விஷ்ணு சிலை போனது. ஃப்ராய்ட் மேசைமேல் வைத்துக்கொண்டார். அயல்நாடுகளில் உளப்பகுப்பாய்வு அடைந்த வெற்றியை அது நினைவூட்டும் என்று நன்றி எழுதினார். ஒரு விவாதத்துக்கு வந்த ஆளை ‘வெற்றி’ என்று கணக்கில் எழுதிக்கொண்டதை என்னால் ரசிக்க முடியவில்லை. கொஞ்ச நாளில் சிலையில் விரிசல் விட்டது. கல்கத்தாவில் பழகிய கடவுளுக்கு வியன்னா தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று குறித்துவைத்தார்.

வியன்னாவில் இது எப்படி முடிந்தது?

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் வந்தது. மகள் அன்னாவை நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ ஒருநாள் முழுக்க விசாரணைக்குக் கொண்டுபோனது. அதுவரை அசையாமல் இருந்தவர் அதன்பிறகுதான் கிளம்பச் சம்மதித்தார். இளவரசி மரீ போனபார்ட் பணமும் செல்வாக்கும் கொடுத்தார். ஜூன் 4 அன்று ரயில் ஏறினார்கள். வாயில் புற்றுநோயோடு, 82 வயதில். அடுத்த வருடம் செப்டம்பர் 23 அன்று லண்டனில் இறந்தார். வியன்னாவிலேயே தங்கிவிட்ட நான்கு தங்கைகளும் நாஜி முகாம்களில் மாண்டார்கள். டோரா என்ற பெயர் வந்த கதையில் வரும் தங்கை ரோசாவும் அவர்களில் ஒருவர்.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்? ஒரே ஒரு நோயாளியின் கதை என்றால்?

காத்தரீனா. 1895 நூலில் இருக்கிறது, சில பக்கம்தான். விடுமுறைக்கு மலையேறப் போன ஃப்ராய்ட் உச்சியில் ஒரு விடுதியில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பரிமாறிய பதினெட்டு வயதுப் பெண், விருந்தினர் பதிவேட்டில் பெயரைப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறாள்: ஐயா நீங்கள் டாக்டரா? எனக்கு மூச்சு முட்டுகிறது, யாரோ பின்னால் நின்று பிடிக்கப் போவதுபோல இருக்கிறது, ஒரு பயங்கரமான முகம் தெரிகிறது. சோபா இல்லை, ஹிப்னாடிசம் இல்லை, கட்டணம் இல்லை. மலைக்காற்றில் பேசுகிறார்கள். வியன்னாவின் சீமாட்டிகளைவிட எவ்வளவு தடையில்லாமல் பேசுகிறாள் என்று அவர் வியக்கிறார். அவள் பதினான்கு வயதாக இருந்தபோது ராத்திரியில் படுக்கைக்கு வந்த உறவினர் ஒருவர், கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சில் வெளியே வருகிறார். அந்த முகம் அவருடையது. உறவினர் யார்? மாமா என்று நூலில் அச்சாகியிருக்கிறது.

1924இல் வந்த பதிப்பில் அந்த இடத்துக்கு ஓர் அடிக்குறிப்பு சேர்த்தார் ஃப்ராய்ட். இத்தனை வருடம் கழித்து ரகசியத்தை விலக்கலாம் என்று நினைக்கிறேன், அந்த ஆள் மாமா இல்லை, அவளுடைய அப்பா.